நவமியில் எடுத்த நகல்

மின்சாரம் இல்லாத ஊரில் கொம்பியூட்டர் படிப்பித்தவள் நான். இப்போது சொன்னால் சிரிக்கிறார்கள். அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை, நேரம் தவறாமல் வந்து படித்தார்கள். உடுவிலில் ஒரு தனியார் கல்வி நிலையம். மட்டையில் கொம்பியூட்டரின் எழுத்துப் பலகையைக் கீறி ஆளுக்கொன்று கொடுத்திருந்தோம். எந்த எழுத்துக்கு எந்த விரல் என்று நான் உரத்துச் சொல்ல, இருபது பேர் சத்தமே இல்லாமல் மட்டையில் தட்டுவார்கள். பிழை விட்டவர்களை எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று கேட்காதீர்கள், முகத்தில் தெரியும். உண்மையான இயந்திரம் ஒன்று அறை மூலையில் பழைய சேலைத் துண்டால் மூடிக் கிடந்தது. மாதத்தில் ஒருநாள் துண்டை நீக்கிக் காட்டுவோம்.

கொழும்பில் இரண்டு வருடம் படித்துவிட்டு விடுமுறைக்கு வந்த இடத்தில் பாதை மூடப்பட்டு, ஊரோடு தங்கிப் போனேன். வயர் உள்ள எதையும் நான் திருத்துவேன் என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. தண்ணீர் பம்பிகூடக் கொண்டுவந்தார்கள். ஆகவே மானிப்பாய்க் கலியாணத் தரகர், "பெட்டி முனகுது, உடனை வரவும்" என்று துண்டு எழுதி அனுப்பியபோது நான் வியக்கவில்லை. மின்சாரம் நின்று மூன்றாவது வருடம் அது. ஒரு திங்கட்கிழமை, காலை எட்டு மணி.

தரகர் அறுபது வயதுக்காரர். மின்சாரம் இருந்த காலத்திலேயே சாதகப் பொருத்தம் பார்க்கக் கொம்பியூட்டர் வாங்கியவர். கையால் எழுதிய சாதகத்தை நம்பாத மாப்பிள்ளை வீட்டார்கூட, துளைக் காகிதத்தில் கரகரவென்று அச்சாகி வரும் சாதகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். இடம்பெயர்வு வந்தபோது ஆட்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள், சாதகக் கொப்பியை யார் எடுத்தது? எத்தனையோ பிள்ளைகளின் சாதகம் அவருடைய அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

விறாந்தையில் ஓர் அம்மா மடியில் குடையோடு இருந்தார். வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர், கணவரையும் அந்த ஓட்டத்தில் பறிகொடுத்தவர். ஒரே மகளுக்குக் கனடாவில் ஒரு சம்பந்தம் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை ஒருவர் சாவகச்சேரிப் பக்கம் போய், கிளாலியில் வள்ளம் ஏறிக் கொழும்புக்குப் போகிறார். சாதகத்தை அவர் கையில் கொடுத்தால் அங்கிருந்து கனடாவுக்குத் தபாலில் போகும். தவறினால் அடுத்த ஆள் எப்போது போவார் என்று யாருக்கும் தெரியாது. இவ்வளவையும் அவர் எனக்கு ஒரே மூச்சில் சொன்னார்.

தரகர் ஜெனரேற்றரின் கயிற்றை இழுத்தார். மருந்துப் போத்தலிலிருந்து இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு உசுப்பினால் பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். பெட்டி உயிர்த்தது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஒரு முனகல், இடையில் டக் டக் என்று ஓர் உதை.

"ஐயா, உது கனநாள் தாங்காது. முதலிலை இந்த அம்மான்ரை மகளின்ரை சாதகத்தை அடிச்சுக் குடுங்கோ."

தரகர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இண்டைக்கு அட்டமி, பிள்ளை. நாளைக்கு நவமி. ஒரு குமர்ப்பிள்ளையின்ரை சாதகத்தை அட்டமி நவமியிலை கையிலை குடுக்கலாமே? புதன்கிழமை தசமி. விடியக் குடுக்கலாம்."

"புதன்கிழமை மட்டும் பெட்டி கிடக்குமோ தெரியாது, ஐயா."

"கிடக்கும், கிடக்கும்."

அம்மாவைப் பார்த்தேன். அவர் தரகர் பக்கம். "நல்ல நாளிலையே வாங்குவம் பிள்ளை" என்றார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் இரண்டு பேர் ஒரு பக்கம், பஞ்சாங்கமும் அவர்களின் பக்கம், நான் என்ன செய்வது? பெட்டிக்குள் இருப்பதை வேறெங்காவது நகல் எடுத்து வைக்க வேண்டும். பிளொப்பி போதாது. இருந்தவற்றிலும் பாதிக்குப் பூஞ்சணம் பிடித்திருந்தது.

வேறு ஏதும் சாமான் கிடக்கிறதா என்று கேட்டேன். அப்போதுதான் தரகர் அலுமாரியைத் திறந்து, மகன் லண்டனிலிருந்து பாதை திறந்திருந்த காலத்தில் அனுப்பிய பெட்டி ஒன்றை எடுத்தார். ஒருநாளும் திறக்கவில்லை. உள்ளே நாடாவில் நகல் எடுக்கும் கருவி, அதற்கான ஒரு கசெற், மூன்று பிளொப்பியில் புரோகிராம், பூச்சி தின்ற கையேடு. எனக்குக் கோயில் கண்ட சந்தோசம்.

"இதை இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை?"

"பாட்டுக் கேக்கிற சாமான் எண்டு நினைச்சன்."

ஆனால் உடனே தொடங்க முடியாது. திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை இராகு காலம். அட்டமியில் நகல் எடுக்கலாமா என்று கேட்டேன். அது சுபகாரியம் இல்லை, வைத்திய வேலை, ஆகவே அட்டமி பரவாயில்லை, இராகு காலம்தான் ஆகாது என்று தீர்ப்பு வந்தது. ஒன்பது மணியும் ஒரு நிமிடமும் ஆகும்வரை மூன்று பேரும் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். டிஸ்க் எப்போது சாகுமோ என்று எனக்குப் பதைபதைப்பு. அம்மா எனக்குப் பிளேன்ரீ வார்த்துத் தந்தார்.

புரோகிராமை ஏற்றினேன். நாடாக் கருவியைக் காணவில்லை என்றது. கருவி என் கைக்கு எதிரே, இரண்டு அங்குலத்தில் இருந்தது. நிறுத்தி, கேபிளைக் கழற்றி மாட்டி, திரும்பப் போட்டேன். பெட்டியின் கடிகார மின்கலம் எப்போதோ செத்துப்போனது, புது மின்கலம் ஊருக்குள் வரத் தடை. அதனால் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் இன்றைக்கு என்ன தேதி என்று கேட்கும், நான் அடிப்பேன். பிறகு மறுபடி நாடாக் கருவியைக் காணவில்லை. நாலாம் முறையில் கேபிளின் சிவப்பு விளிம்பு மறுபக்கம் இருக்க வேண்டும் என்று பிடிபட்டது. கையேட்டில் அந்த வரி இருந்த இடத்தைத்தான் பூச்சி தின்றிருந்தது.

இனி நாடாவைப் பதப்படுத்த வேண்டும். புது நாடாவில் முதலில் கோடு போட்டுப் பாத்தி கட்டினால்தான் எழுத முடியும். அதற்கு ஒன்றரை மணித்தியாலம் என்று திரையில் வந்தது. இராகு காலத்துக்கும் அதே ஒன்றரை மணித்தியாலம்தானே என்று தரகர் முகம் சுளித்தார். தொடங்கினேன். ஐந்து நிமிடத்தில் பழுது, பழுது, பழுது என்று திரை நிரம்பியது. நாடாவை வெளியே எடுத்தேன். கசெற்றின் நெற்றியில் சந்தனம், அதன் மேல் குங்குமம்.

"ஐயா!"

"புதுச்சாமானெல்லோ பிள்ளை. சைக்கிள் வாங்கினாலும் வைக்கிறம் தானே."

குங்குமத்தூள் கருவியின் வாய்க்குள் நல்லாய் அப்பியிருந்தது. துடைக்க ஸ்பிரிற்றுக்கு எங்கே போவது? காய்ச்சலுக்கு நெற்றியில் போட வைத்திருந்த ஓடிக்கொலோனை அம்மா தன் பையிலிருந்து எடுத்துத் தந்தார். பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். அன்று முழுவதும் அந்தப் பெட்டி நோயாளி அறை போல மணத்தது. ஆனால் பழுதுகள் நின்றன.

இரண்டாம் தடவை நன்றாகப் போனது. ஆனால் அயல் வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. "உங்கடை ஜெனரேற்றர் சத்தத்திலை பொம்மர் வாறது கேக்குதில்லை. நாங்கள் எப்பிடிப் பங்கருக்கை ஓடுறது?" நியாயமான கேள்வி. அம்மா எழும்பினார். "நான் தெருப் படலையடியிலை நிண்டு வானத்தைப் பாக்கிறன். கையைக் காட்டினா நிப்பாட்டுங்கோ" என்றார். அயலார் சமாதானமாகிப் போனார்கள். அம்மா குடையை விரித்துக்கொண்டு வெயிலில் நின்றார்.

நாடா நூற்றுக்கு எழுபதைத் தாண்டியபோது அம்மா கையைக் காட்டினார். தரகர் பாய்ந்து ஜெனரேற்றரை நிறுத்தினார். மூன்று பேரும் வளவில் வெட்டியிருந்த பங்கர்க் குழிக்குள் இறங்கிக் குந்தினோம். சத்தம் நெருங்கி வந்தது, வீட்டைத் தாண்டியது, போயிற்று. வெங்காயம் ஏற்றிய லொறி.

"கேக்க அப்பிடித்தானிருந்தது" என்றார் அம்மா. அவருக்கு வெட்கம். எனக்கோ கத்த வேண்டும் போலிருந்தது. இடையில் நின்ற நாடாவை விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது, முதலிலிருந்துதான். தன் மகளின் சாதகத்துக்காகவே அவர் வெயிலில் நிற்கிறார், தானே அதை நிறுத்தியும் விட்டார். இதில் யாரைக் கோபிப்பது? மூன்றாம் தடவை, சூடேறிய ஜெனரேற்றருக்கு நனைத்த சாக்கைப் போட்டு, எனக்குத் தெரிந்த தெய்வத்தையெல்லாம் கும்பிட்டு, ஒருவழியாய் முடித்தேன். பிறகு டிஸ்க்கில் இருந்த எல்லாவற்றையும் நாடாவில் ஏற்றினேன். பின்னேரம் நாலு மணிக்கு எல்லாம் சரி என்று திரை சொன்னது. பசி, தலையிடி, ஆனாலும் அப்படியொரு பெருமை எனக்கு.

செவ்வாய்க்கிழமை வகுப்பு முடித்து ஐந்து மணிக்குப் போனேன். நேற்றைக்குப் பிறகு மாறியவற்றை மட்டும் நகல் எடு என்று புரோகிராமிடம் சொல்லும் வசதி ஒன்று இருந்தது. சொன்னேன். மாறியது ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. நல்லது என்று நாடாவைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். தரகர் பக்கத்தில் இருந்துதான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு ஏதாவது செய்தீர்களா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இயந்திரம் சொன்னால் சரிதானே என்று நான் கேட்கவில்லை.

புதன்கிழமை தசமி. தலைக்கு முழுகி, திருநீறு பூசி, தரகர் பெட்டியைப் போட்டார். டிஸ்க் ஒரு தரம் கீச்சிட்டது, இரண்டு தரம் உதைத்தது, பிறகு நின்றே போயிற்று. நான் போய்ச் சேர்ந்தபோது வீடு செத்தவீடு மாதிரி இருந்தது.

"அட்டமியிலை தொட்டதாலைதான்" என்றார் தரகர், என்னைப் பார்த்து.

அம்மா ஒன்றுதான் கேட்டார். "அப்ப என்ரை பிள்ளையின்ரை?"

"இதுக்கை இருக்குது, அம்மா" என்று நாடாவை எடுத்துக் காட்டினேன்.

அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாட்டுக் கசெற் மாதிரியெல்லோ இருக்குது. ஒருக்காப் போட்டுக் காட்டன் பிள்ளை." அதில் சத்தம் வராது என்று விளங்கப்படுத்தினேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

வேறு டிஸ்க் வேண்டும். யாழ்ப்பாணம் முழுக்க எனக்குத் தெரிந்து சும்மா கிடந்தது ஒன்றுதான், எங்கள் கல்வி நிலையத்தில் சேலைத் துண்டுக்குக் கீழே இருந்தது. அன்று பின்னேரமே அதிபரிடம் போய்க் கேட்டேன். மாணவர்களுக்குக் காட்ட வேண்டுமே என்று தயங்கினார். துண்டை நீக்கும்போது உள்ளே டிஸ்க் இருக்கிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியும் என்றேன். அவருக்கும் அது சரியாகப் பட்டது. வியாழக்கிழமை காலை டிஸ்க்கைத் துவாயில் சுற்றிச் சைக்கிள் கூடைக்குள் வைத்து, தெருக் குழி ஒவ்வொன்றிலும் இறங்கி உருட்டிக்கொண்டு மானிப்பாய்க்குப் போனேன்.

புரோகிராமை மறுபடி ஏற்றினால் இரண்டாவது பிளொப்பி வாசிக்காது. ஓடிக்கொலோன். வாசித்தது. நாடாக் கருவியைக் காணவில்லை. சிவப்பு விளிம்பு. கண்டது. ஒன்றரை முதல் மூன்று வரை இராகு காலம், ஆகவே ஒன்று இருபத்தெட்டுக்குத் தொடங்கினேன், தொடங்கியது தொடரலாம் என்று தரகர் விதிவிலக்குத் தந்தார். இரண்டு மணித்தியாலம். அம்மா படலையடியில் குடையோடு நின்றார். மூன்று லொறி, ஒரு உழவு இயந்திரம் போயின, ஒன்றுக்கும் அவர் கையைக் காட்டவில்லை. கடைசியில் சாதகங்கள் ஒவ்வொன்றாய்த் திரையில் வந்தன. தரகர் என்னை மகாலட்சுமி என்றார். எனக்குக் கண் கலங்கியது, மறைக்கவில்லை.

அச்சு இயந்திரத்தின் மைநாடா காய்ந்திருந்தது. தையல் மெசின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன். அம்மாவின் மகளின் சாதகம் கரகரவென்று வந்தது. தரகர் காகிதத்தைக் கிழித்தெடுத்து ஒரு பார்வை பார்த்தார். முகம் செத்துவிட்டது.

"இது பழசெல்லோ!"

"என்ன பழசு?"

"நான் திருத்தினது எங்கை?"

அவர் என்னை உள்ளறைக்கு இழுத்துப்போய்ச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு ஏழில் செவ்வாய். கனடாக்காரர் செவ்வாய்க் குற்றம் உள்ள சாதகம் என்றால் திறந்தும் பார்க்க மாட்டார்கள். ஆகவே செவ்வாய்க்கிழமை விடிய, யாரிடமும் சொல்லாமல், பிறந்த நேரத்தைப் பதினாறு நிமிடம் பின்தள்ளியிருக்கிறார். செவ்வாய் ஆறாம் வீட்டுக்கு மாறிவிட்டது. புண்ணியத்துக்குச் செய்தது என்றார்.

"செவ்வாய்க்கிழமை மாத்தினதெண்டால் பின்னேரம் நான் எடுத்த நகலிலை வந்திருக்க வேணுமே!"

"செவ்வாய்க்கிழமை நவமியெல்லோ பிள்ளை. நவமியிலை சாதகத்திலை கை வைக்கலாமே? பெட்டி தேதி கேட்டது. போன கிழமைப் புதன், நல்ல நாள். அதை அடிச்சுப்போட்டுத்தான் திருத்தினனான்."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். எந்த வேலையும் நல்ல நாளில்தான் நடந்தது என்று பெட்டிக்குச் சொல்லி வைப்பது அவருடைய வழக்கமாம். முந்திய கிழமை மாறியதாக முத்திரை விழுந்த சாதகத்தை, நேற்றைக்குப் பிறகு மாறியதை எடு என்றால் புரோகிராம் ஏன் எடுக்கும்? அது தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. திங்கட்கிழமை நாடாவில் ஏறிய பழைய, உண்மையான நேரம்தான் திரும்பி வந்திருக்கிறது.

"பெட்டிக்கு நல்ல நாள் எண்டு சொல்லலாமெண்டால், அண்டைக்கே அடிச்சு அந்த அம்மாட்டைக் குடுத்திருக்கலாமே?" என்று கத்தினேன்.

"அது மெசினுக்கு, பிள்ளை. குடுக்கிறது மனிசருக்கெல்லோ."

இதற்கு மேல் என்ன கதைப்பது? நான் கத்தியது விறாந்தைக்குக் கேட்டிருக்க வேண்டும், அம்மா வாசலில் வந்து நின்றார். தரகர் ஒளிக்கவில்லை, எல்லாவற்றையும் சொன்னார். "பத்து நிமிசத்துக்கு எண்ணெய் கிடக்குது. இப்பவே திருத்தி அடிச்சுத் தாறன்" என்று ஜெனரேற்றரின் கயிற்றடிக்குப் போனார்.

அம்மா மேசையில் கிடந்த காகிதத்தை எடுத்து, பிறந்த நேரம் இருந்த வரியில் விரலை வைத்துப் பார்த்தார்.

"வேண்டாம். இதையே கொண்டுபோறன்."

"செவ்வாய் தெரியுமே!"

"தெரியட்டும்." மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, எங்கள் இரண்டு பேரையும் கும்பிட்டுவிட்டுப் போனார். நாலு நாள் காத்திருந்து களைத்துப்போய், திரும்ப ஏதும் பழுதாகிவிடுமோ என்ற பயத்தில் எடுத்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன். சாதகம் வெள்ளிக்கிழமை கிளாலியால் போயிற்று.

மூன்று மாதம் கழித்துக் கனடாவிலிருந்து பதில் வந்தது. சாதகம் பொருந்தவில்லை, வேறு இடம் பார்க்கவும். தரகர் வகுப்புக்கே வந்து அந்தக் கடிதத்தை என் மேசையில் வைத்தார். "உன்ரை நாடாவாலை ஒரு குமர் கரைசேராமல் இருந்துபோச்சு" என்றார். இருபது பேரும் மட்டையில் தட்டுவதை நிறுத்திவிட்டார்கள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இயந்திரத்தை நம்பியவள் நான்தானே. அன்று இரவு சாப்பிடப் பிடிக்கவில்லை.

அடுத்தநாள் அம்மா இருந்த இடத்தை விசாரித்துப் போனேன். ஒரு சொந்தக்காரர் வீட்டின் பின்னறை. மகள் உள்ளே சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். அம்மா முற்றத்தில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அம்மா. என்ரை பிழையாலைதான் வந்தது."

"உனக்கென்ன பிழை? திருத்தித் தாறன் எண்டு அவர் சொன்னவர்தானே. நானெல்லோ வேண்டாமெண்டனான்."

"ஏன் அம்மா?"

அவர் கை நிற்கவில்லை, இலையை உருவியபடியே சொன்னார்.

"இவள் வீட்டிலைதான் பிறந்தவள். நேரம் குறிச்சது இவளின்ரை தகப்பன். மணிக்கூட்டைப் பாத்து எழுதி வைச்சுப்போட்டு, உடனை உள்ளை வந்து இவளைத் தூக்கினவர். பத்து நிமிசம் வைச்சிருந்திருப்பார், தர மாட்டனெண்டிட்டார். பதினாறு நிமிசம் பிந்தித்தான் பிறந்தவள் எண்டு நான் எழுதி அனுப்பினா, அப்ப அவர் தூக்கி வைச்சிருந்தது ஆரை, பிள்ளை?"